கீழ் வரிசைக்கு முதல் தண்ணீர்

திருப்புலிவனத்தில் ரோட்டோரத்துப் புளியமரம் வேரோடு சாய்ந்து, காஞ்சிபுரம் பஸ்ஸெல்லாம் மூன்று நாள் சுற்றிக்கொண்டு போனதே, அந்த ஐப்பசிக்கு அடுத்த சித்திரையில் நடந்தது இது. எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மரம் விழுந்தது தெரியும், ஏனென்றால் அன்றைக்கு அந்த பஸ்ஸில் நான் இருந்தேன். கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டார். மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் மழையில் நடந்தே மருந்து காலேஜுக்குப் போனேன். அங்கே எலிகள் இருந்தன. நான் போகாவிட்டால் அவற்றுக்குத் தீனி வைக்க ஆள் இல்லை.

நீ என் தம்பி பெற்ற பிள்ளை. இப்போது அதே காலேஜின் பஸ்ஸை ஓட்டுகிறாய், எழுதப் படிக்கவும் தெரியும். அதனால்தான் உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறேன், எழுதிக்கொள். நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் எனக்கு நேராகச் சொல்ல வராது. நடுநடுவே மூச்சு வாங்கும், சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

நமக்கு நிலம் இருந்ததில்லை, அது உனக்கே தெரியும். ஆனால் ஏரித் தண்ணீர் நம் கையில் இருந்தது. உன் தாத்தா நீர்க்கட்டி, அவருக்கு அப்புறம் நான். மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்து மடை மாற்றிவிடுவது, இதுதான் வேலை. அறுப்புக்கு அறுப்பு களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். அப்புறம் வயலெல்லாம் கல் நட்டு மனையாகப் போனது. கல்லுக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவார்கள். மண்வெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அப்போதுதான் காலேஜில் எலி வீட்டுக்கு ஆள் வேண்டும் என்றார்கள்.

எலி வீடு என்றுதான் நான் சொல்வேன். அவர்கள் வேறு பேர் சொல்வார்கள். உள்ளே போக இரண்டு கதவு. முதல் கதவில் செருப்பை விட்டு அவர்கள் செருப்பைப் போட வேண்டும். வெற்றிலை கூடாது. எலியெல்லாம் வெள்ளை, கண் சிவப்பு. படுக்கைக்கு நெல் உமி. அரைவை மில்லிலிருந்து மூட்டையில் வரும், அதை ஆவியில் அவித்துத்தான் போடுவோம். முதல் நாள் அந்த உமி வாசனை வந்ததும் எனக்குக் களத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. சரி, இதுவும் நெல் சம்பந்தப்பட்ட வேலைதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அங்கேதான் அந்த அம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முப்பது வயசு இருக்கும். தென்னேரிப் பக்கத்துப் பெண், அதனால் நம் பேச்சுதான் பேசுவார். என்னைத் தாத்தா என்று கூப்பிடுவார். மரம் விழுந்த அன்றைக்கு நான் சொட்டச் சொட்ட நனைந்து போய் நின்றேன். அவரும் அப்போதுதான் யாருடைய வண்டியிலோ வந்து இறங்கியிருந்தார். என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா தாத்தா, இந்த மழைல எதுக்கு வந்தீங்க?"

"வரேன்னு நேத்து சொன்னேனேம்மா."

"தாத்தா சொன்னா சொன்னதுதான்" என்று சிரித்தார். அதற்கப்புறம் எல்லோரிடமும் அதையே சொல்வார். தாத்தா சொன்னா சொன்னதுதான். அப்போது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

என்ன மருந்து பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். உமி மாற்றிக்கொண்டே கேட்டேன், அவரும் எலியைத் தராசில் எடை போட்டுக்கொண்டே சொன்னார்.

"நம்ம உடம்பு பூரா சின்னச் சின்ன அறைதான் தாத்தா. ஒவ்வொரு அறை செவுத்துலயும் ஓட்டை கீது. தண்ணி மட்டும் போற ஓட்டை. உப்பு போவாது, சக்கரை போவாது."

"மதகுன்னு சொல்லும்மா."

"மதகுதான். கிட்னில அந்த மதகு தொறந்துக்கினு இருந்தா, மூத்திரமா வெளிய போவ வேண்டிய தண்ணி திரும்ப உடம்புக்கே வந்துடும். கால் வீங்கிப் போறவங்களுக்கு அதான் பேஜாரு. அந்த மதகு வாயில போயி குந்திக்கிற மாதிரி ஒரு மருந்து வேணும். ரொம்பச் சின்னதா இருக்கணும், பெருசா இருந்தா உள்ள போவாது."

"மூடினா தண்ணி நின்னுடுமே, எப்படிம்மா வெளிய போவும்?"

"இது வாங்குற மதகு தாத்தா. இத மூடினாதான் அது வெளிய போவும்."

எனக்குப் புரிந்தது. வயலில் தண்ணீர் உள்ளே வருகிற மடையை மூடினால்தான் வயல் வடியும். இதைப் புரிந்துகொள்ள எழுத்து தேவையில்லை. முன்னாலேயே வேறு மருந்து எதுவும் இல்லையா என்று கேட்டேன். "பாதரசம் போட்டா மதகு மூடிக்கும். கூடவே ஆளும் கண்ண மூடிக்குவான்" என்றார்.

அப்படிப் பதினாறு பொடி பார்த்துத் தள்ளியாகிவிட்டது. பதினேழாவது பொடி வந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு கண்ணாடிக் குழாயில் எலி ரத்தம் ஒவ்வொரு சொட்டு, கலங்கலாக இருந்தது. ஒன்றில் பொடி கலந்திருந்தார், இன்னொன்றில் இல்லை. இரண்டிலும் நல்ல தண்ணீரை ஊற்றினார். பொடி இல்லாத குழாய் கண்மூடித் திறப்பதற்குள் தெளிந்து நல்ல சிவப்பாகிவிட்டது. ரத்தத்தில் இருக்கிற அறையெல்லாம் மதகு வழியாகத் தண்ணீர் குடித்து வெடித்துப்போனதாம், அதனால் தெளிவாம். பொடி போட்ட குழாய் கலங்கலாகவே நின்றது. அந்த அம்மா வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து மெல்லத் தெளிந்தது. "பாத்தீங்களா தாத்தா, மதகு மூடிக்கினு கீது" என்றார். உடனே இன்னும் இரண்டு குழாய் எடுத்து அதையே திரும்பச் செய்து பார்த்தார். மூன்று வருஷம் இதற்காகவே உட்கார்ந்திருக்கிறார், ஒரு தடவை பார்த்தால் போதுமா.

இங்கே வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் பெரியம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது அந்த வருஷம்தான். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். இதயம் பலவீனமாக இருக்கிறது, உடம்பில் தண்ணீர் தங்குகிறது, ஒரு நாளைக்கு ஒரு சொம்பு தண்ணீருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அளந்து கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. தினமும் சண்டை.

"யோவ், இன்னொரு வாய் குடுய்யா. நாக்கு பலகையாட்டம் கீது."

"டாக்டரு இன்னா சொன்னாரு? ஒரு சொம்புன்னாரா இல்லியா?"

"எந்தச் சொம்புன்னு சொன்னாரா? நம்ம வூட்டுச் சொம்ப அவரு பாத்தாரா? பெரிய சொம்புல ஊத்து."

"சும்மா குந்துமே."

"ஊருக்கெல்லாம் தண்ணி வுட்ட ஆளு, பொண்டாட்டிக்கு மட்டும் மதக மூடிக்கினாரு."

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன், இந்தப் பொடி என் வீட்டுக்காரிக்கு ஆகுமா என்று. "மனுஷங்களுக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆவும் தாத்தா. மொதல்ல எலி தாண்டட்டும்" என்றார். பொய்யாக ஆசை காட்டவில்லை.

எலி தாண்டுவது என்றால் மூன்று தடவை பரீட்சை. மூன்றும் ஒரே மாதிரி வந்தால் மேலே போகலாம், ஒன்று பிசகினாலும் இந்தப் பொடியை மூடிவிட வேண்டியதுதான் என்று பெரிய சார் சொல்லிவிட்டார். அவர்தான் அந்த அம்மாவுக்கு மேலே இருக்கிறவர். பரீட்சைக்கு வேறு கூண்டு, கீழே புனல் வைத்தது. புழுக்கை ஒரு பக்கம் விழும், மூத்திரம் வடிந்து ஒரு குழாயில் சேரும். மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு எலி. மேல் வரிசைக்கு மருந்து அதிகம், நடு வரிசைக்குக் கொஞ்சம், கீழ் வரிசைக்கு மருந்தே இல்லை, மருந்தைக் கரைத்துக் கொடுக்கிற வெறும் பசைத்தண்ணீர் மட்டும். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று அட்டை மாட்டியிருந்தார்.

முந்தின நாள் சாயந்தரம் எல்லாக் கூண்டிலும் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். மறுநாள் நாலு மணிக்குத்தான் திரும்ப வைக்கலாம். தண்ணீர் குடிக்காத எலி கொஞ்சமாகத்தான் மூத்திரம் விடும், கெட்டியாக இருக்கும். மருந்து மதகை மூடியிருந்தால், குடிக்காவிட்டாலும் நிறைய விடும். அந்த வித்தியாசம்தான் பரீட்சை. முதல் இரண்டு தடவையும் கீழ் வரிசைக் குழாயில் அடியோடு அடியாக டீ டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. மேல் வரிசைக் குழாயில் பாதிக்கு மேல், வெளுப்பாக. இரண்டாவது தடவை முடிந்ததும் அந்த அம்மா எனக்கு நாஷ்டா வாங்கித் தந்தார், பூரிக் கிழங்கு. அவர் சாப்பிடவில்லை, குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவைதான் சித்திரையில் வந்தது.

அன்றைக்குக் காலையில் நான் கிளம்பும்போது உன் பெரியம்மா சண்டை போடவில்லை. அதுதான் என்னவோ போல இருந்தது. சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால் நான் தெம்பாகப் போயிருப்பேன்.

பதினொரு மணி வாக்கில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட ஆள் வர நேரமானது. ஜன்னல் இல்லாத அறை, நெல் அவிக்கிற கொட்டகை மாதிரி புழுங்கியது. பெரிய சார் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. "தாத்தா, எதையும் தொட வேணாம், பாத்துக்கினு மட்டும் இருங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார்.

எலிகள் கம்பியை நக்கிக்கொண்டிருந்தன. பாட்டில் மூக்கு உள்ளே வருகிற இடம் இருக்கிறதே, அந்த இடத்தையே நக்கின. கீழ் வரிசையில் கடைசிக் கூண்டு எலி எழுந்து நின்று இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. எலிக் கையை நீ கிட்டே பார்த்ததில்லை. நகம், விரல் எல்லாம் மனுஷக் கை போலவே இருக்கும்.

எனக்குத் தெரியும், வைக்கக் கூடாது என்று. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். ஒரு வாய்தானே, எல்லாவற்றுக்கும் சமமாக ஒரு வாய் கொடுத்தால் வித்தியாசம் வித்தியாசமாகவே இருக்கும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. பதினெட்டுக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் பாட்டிலை எடுத்தேன்.

எங்கே ஆரம்பித்தேன் என்பதில்தான் கெட்டுப்போனது. ஏரியில் தண்ணீர் குறைந்த வருஷத்தில் நாங்கள் கடைசி வயலில் இருந்துதான் பாய்ச்சுவோம். மதகை ஒட்டின வயலுக்குக் கசிந்தாவது கொஞ்சம் ஈரம் வந்துவிடும். கடைசி வயலுக்கு நாமாகக் கொண்டு போனால்தான் உண்டு. அதனால் முதல் முறை கடைமடைக்கு, அப்புறம் நடுவுக்கு, அப்புறம் தலைமடைக்கு. யாரும் கேட்டு, யாரும் சொல்லிச் செய்வதில்லை, ஊர் வழக்கம் அது. நாற்பது வருஷம் அப்படியே நடந்த கை. யோசிக்கவே இல்லை. கீழ் வரிசைக்குப் போய்விட்டது.

ஆறு பாட்டிலையும் மாட்டினேன். ஒரு வாய் என்று நான் நினைத்தேன், எலி நினைக்குமா. இழுத்து இழுத்துக் குடித்தன. பாட்டிலில் குமிழி மேலே போகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஒன்றை எடுத்துவிடலாம் என்று கையை நீட்டுவேன், அது கம்பியை விடாது. அப்படியே நின்றேன். அப்புறம் கரண்ட் வந்தது, வெளிக்கதவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆறையும் உருவி வாளிக்குள் போட்டேன். நடு வரிசைக்கும் மேல் வரிசைக்கும் கொடுக்கவே இல்லை. மருந்தால் தண்ணீரையெல்லாம் இழந்து நிஜமாகத் தவித்தவை மேல் வரிசைதான். அதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாலு மணிக்குக் குழாய்களை எடுத்தார்கள். பெரிய சாரும் வந்திருந்தார். கீழ் வரிசைக் குழாய் ஆறும் பாதிக்கு மேல், வெளுப்பாக. மேல் வரிசையும் அப்படியே. மருந்து கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் வித்தியாசமே இல்லை.

"வெறும் பசையில மருந்து கலந்துட்டியாம்மா?" என்று கேட்டார் பெரிய சார்.

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி?"

அந்த அம்மா கீழ் வரிசை எலியை ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்தார். காலையில் எழுதின நோட்டைப் பார்த்தார். திரும்பவும் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தாத்தா, தண்ணி இல்லாம இருந்தா எடை குறையணும், இதுங்களுக்குக் குறையவே இல்லியே. பாட்டில் எதுனா வெச்சீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. பெரிய சார் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வேலை ஞாபகம் வந்தது, வீட்டில் மாத்திரை டப்பா ஞாபகம் வந்தது.

"இல்லம்மா. நான் தொடவே இல்ல."

"செரி தாத்தா" என்றார். அவ்வளவுதான். பெரிய சார் பக்கம் திரும்பி, "தாத்தா சொன்னா சொன்னதுதான் சார். அப்ப காலையில எடைய நான்தான் தப்பா எழுதியிருக்கேன். மருந்தையும் நான்தான் கலந்துட்டேன் போல" என்றார்.

தராசு சரியாகத்தான் சொன்னது. அந்தத் தராசை விட்டுவிட்டு என் வார்த்தையை நம்பினார்.

அன்று சாயந்தரமே பதினெட்டு எலியையும் கொன்று கிட்னி எடுத்தார்கள். பரீட்சை முடிந்தால் அப்படித்தான், எனக்குத் தெரிந்ததுதான். பையில் கட்டி எரிக்கிற இடத்துக்கு நான்தான் தூக்கிப்போனேன். சாகப்போகிற ஆறு உயிருக்கு அஞ்சு மணி நேரத்துக்கு முன்னால் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். அதற்கு விலை ஒரு பெண்ணின் மூன்று வருஷம்.

பொடியும் தீர்ந்துபோயிருந்தது. திரும்பச் செய்ய மாசக்கணக்கில் ஆகுமாம். கையில் நிதானம் இல்லாதவரை நம்பி இன்னொரு தடவை செய்ய முடியாது என்று பெரிய சார் மூடிவிட்டார். அதற்கப்புறமும் அந்த அம்மா கொஞ்ச மாசம் வந்துகொண்டிருந்தார். ஒரு சொட்டு ஊற்ற மூன்று தடவை சீட்டைப் பார்ப்பார். எலியை நிறுத்துவிட்டு, "தாத்தா, இது எவ்ளோ காட்டுது, நீங்களும் பாருங்க" என்பார். படிக்கத் தெரியாத என்னிடம். போகிற அன்றைக்கு எலி வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டார்.

"ஐதராபாத்துல ஒரு கம்பெனிக்குப் போறேன் தாத்தா. கம்ப்யூட்டர் முன்னாடி குந்துற வேலை. எலி, மருந்து எதுவும் இல்ல."

"ஏம்மா, உனுக்கு இந்த வேலைதானே புடிக்கும்?"

"என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல தாத்தா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் கிளம்பிவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

வீட்டில் வந்து உன் பெரியம்மாவிடம் சொன்னேன். வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. முழுதும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காலை நீவிக்கொண்டிருந்தாள்.

"எலிக்கு ஊத்தியிருக்க. எனுக்கு ஊத்தல."

"ஆமாமே."

"அந்த மருந்து வந்திருந்தா எனுக்கு இன்னொரு சொம்பு கெடைச்சிருக்குமா?"

"தெரியல. அதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆவுமாம்."

"அப்ப என் கதைய வுடு. அந்தப் பொண்ணாண்ட போயி சொல்லிட்டு வாய்யா. நீ தண்ணி வெச்ச பாவம் தீந்துடும். பொய் சொன்னது தீராது."

போகிறேன் போகிறேன் என்று நாள் கடந்தது. எங்கே போவது. ஐதராபாத் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. அப்புறம் முட்டி போய்விட்டது, காலேஜ் வேலையும் நின்றது. பெரியம்மா உள்ளே படுத்திருக்கிறாள், இன்னும் அதே சொம்புதான், நானேதான் அளக்கிறேன். தினமும் முதல் வாய் குடித்ததும் கேட்பாள், சொல்லிவிட்டாயா என்று. களைத்துவிட்டேன் அப்பா. சொல்லாமல் இருப்பது சொல்வதைவிடக் களைப்பாக இருக்கிறது.

அந்தப் பொடி நல்ல பொடியா என்று எனக்குத் தெரியாது. நாலாவது பரீட்சையில் தோற்றிருக்கலாம், மனுஷனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். அதை நான் பேசவில்லை. அந்தக் கையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

காலேஜ் ஆபீஸில் அந்த அம்மாவின் போன் நம்பர் இருக்கும். நீ தினமும் போகிறவன், கேட்டால் கொடுப்பார்கள். எனக்குப் போனில் பேச்சு வராது. நீ இந்த எழுத்தைப் படித்துக் காட்டினாலும் சரி, உன் வாயால் சொன்னாலும் சரி. காலையில் அவர் எழுதின எடை சரி, கொடுத்த மருந்து சரி, கீழ் வரிசைக்குத் தண்ணீர் வைத்தது எலி வீட்டுத் தாத்தா என்று சொல். திட்டினால் கேட்டுக்கொள், எனக்காக எதுவும் பேசாதே. ஆனால் எடுத்த உடனே என்னைப் பற்றிச் சொல்லிவிடாதே, பாதியில் போனை வைத்துவிடப் போகிறார். முதலில் தராசைப் பற்றிச் சொல்லிவிடு.